பம்ப்செட் கண்ட்ரோலருக்கு கோடு எழுதுறீங்களா? டெர்மினல்ல ஜிசிசி கம்பைலர் வச்சு கம்பைல் பண்றப்ப எந்த ஓ, அதாவது எந்த ஆப்டிமைசேஷன் லெவல் போடறதுன்னு பாப்போம்

மேட்டூர் வழக்கமா ஜூன் 12ல திறக்கணும், ஆனா அதை மட்டும் நம்பி மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் யாரும் குறுவைக்கு நாத்து விடறதில்ல, போர் மோட்டார்தான் முதல் தண்ணி. மோட்டார் கொட்டகை ஊருக்கு வெளில இருக்கும், மூணு பேஸ் கரண்ட் எப்ப வருதோ அப்ப ஓடணும், ஒரு பேஸ் போனா நிக்கணும், போர்ல தண்ணி இறங்கி ட்ரை ரன் ஆனா உடனே நிக்கணும், நின்னா ஓனருக்கு எஸ்எம்எஸ் போகணும். இதுக்கு ஒரு சின்ன போர்டு செஞ்சு வைக்கலாம்னு இறங்குற பசங்க இப்ப நம்ம பக்கம் நிறைய. போர்டு செஞ்சுடறாங்க, டேபிள்ல ஓடுது. ஃப்ளாஷ் (சிப்ல புரோகிராம் உக்கார்ற மெமரி) பத்தலன்னு ஆப்டிமைசேஷன (கம்பைலர் கோட சுருக்கி வேகமாக்குற அளவ) மாத்துறாங்க, அங்கதான் தலைவலி ஆரம்பிக்குது, "கம்பைலர் என் கோட கெடுத்துருச்சு"ன்னு ஒரு புலம்பல். பத்துக்கு ஒம்பது தடவை கம்பைலர் மேல தப்பே கிடையாது, தப்பு கோட்ல மொதல்லேருந்தே உக்காந்துருக்கு, ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0ல வெளிய தெரியல, அவ்வளவுதான். இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

கமாண்ட், ஃப்ளாக் (கம்பைலருக்கு குடுக்குற ஆப்ஷன்) எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரியே எழுதிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

ரெண்டு சிப்ப மனசுல வச்சு பேசறேன். ஒண்ணு அர்டுயினோ ஊனோல இருக்குற ஏடிமெகா 328பி, 32 கேபி ஃப்ளாஷ், 2 கேபி ராம், 16 மெகாஹெர்ட்ஸ். இன்னொண்ணு ப்ளூ பில் போர்டுல வர்ற எஸ்டிஎம்32 எஃப்103 சி8, 64 கேபி ஃப்ளாஷ், 20 கேபி ராம், 72 மெகாஹெர்ட்ஸ், கார்டெக்ஸ் எம்3. உபுண்டுல ஜிசிசி ஏவிஆர், ஏவிஆர் லிப்சி, ஜிசிசி ஆர்ம் நன் இஏபிஐ இந்த பேக்கேஜ் எல்லாம் ஆப்ட்லயே கிடைக்குது, பழைய லேப்டாப் போதும். ஐடிஇ (மெனு, பட்டன் வச்சு கோடு எழுதற சாஃப்ட்வேர்) வேண்டாம்னு சொல்லல, ஆனா ஐடிஇ உங்களுக்குத் தெரியாம என்னென்ன ஃப்ளாக் போடுதுன்னு மெனுக்குள்ள தேடிக்கிட்டு இருக்கணும், டெர்மினல்ல மேக்ஃபைல் (எப்படி கம்பைல் பண்ணணும்னு மேக் கமாண்டுக்கு எழுதி வைக்கற ஃபைல்) வச்சு பண்ணா எல்லாம் கண்ணு முன்னாடி, நாளைக்கு வேற ஆள் உக்காந்து மேக் அடிச்சாலும் அதே கம்பைலர் இருந்தா அதே பைனரி வரும்.

சரி, ஓ லெவலுக்கு வருவோம். ஒண்ணுமே குடுக்கலன்னா ஜிசிசி ஓ0, அதாவது எழுதுனத அப்படியே மெஷின் கோடா மாத்தும், ஒவ்வொரு வேரியபிளையும் ஒவ்வொரு வரிக்கும் மெமரிலேருந்து எடுத்து திரும்ப மெமரிலயே வைக்கும், சைஸும் பெருசு வேகமும் கம்மி. ஓ1 ஓரளவு சுருக்கும். ஓ2 வேகத்துக்கானது. ஓ3 இன்னும் வேகம்னு சொல்லி லூப்ப விரிச்சு, ஃபங்ஷன உள்ள இழுத்துப் போட்டு சைஸ ஏத்தி விட்டுரும். ஓஎஸ்ங்கறது ஓ2ல சைஸ் ஏத்துற சமாச்சாரத்த கழிச்சுட்டு மிச்சத்த வச்சிக்கிறது. ஓஜி டீபக் பண்ண வசதியா இருக்கட்டும்னு 2013ல ஜிசிசி 4.8ல வந்துது. ஜிசிசி 12லேருந்து ஓஇசட்னு ஒண்ணும் இருக்கு, வேகம் போனா போகட்டும் சைஸ் குறையணும்ங்கறவங்களுக்கு.

நம்ம வேலைக்கு ஓஎஸ். முதல் நாள்லேருந்தே ஓஎஸ். அர்டுயினோ ஐடிஇயும் ஏவிஆருக்கு டீஃபால்ட்டா ஓஎஸ்தான் போடுது, அதுக்கு காரணம் இருக்கு.

காரணம் என்னன்னா கணக்கு போட்டு பாருங்க. மோட்டார் கரண்ட்ட சிடி காயில் (கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்) வச்சு அளக்குறோம், நம்ம ஊர் சப்ளை 50 ஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட். மில்லிசெகண்டுக்கு ஒரு சாம்பிள் எடுத்தா ஒரு சைக்கிளுக்கு 20 சாம்பிள், ஓவர்லோடு, ட்ரை ரன் கண்டுபிடிக்க இது தாராளம். 72 மெகாஹெர்ட்ஸ் சிப்ல ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல 72,000 க்ளாக் சைக்கிள் சும்மா கிடக்குது, 328பில கூட 16,000. ஒரு ஸ்கொயர் போட்டு கூட்டறதுக்கு இவ்வளவு நேரம் இருக்கறப்ப ஓ3 எதுக்கு? இன்னொன்னு, எஃப்103ல 72 மெகாஹெர்ட்ஸ்ல ஓடறப்ப ஃப்ளாஷ்லேருந்து படிக்க ரெண்டு வெயிட் ஸ்டேட் (சிப் காத்திருக்கற க்ளாக்) இருக்கு, முன்கூட்டியே படிச்சு வைக்கற ப்ரீஃபெட்ச் பஃபர் நேரா ஓடற கோடுக்கு ஓரளவு ஈடு கட்டும், ஆனா ஓ3 போட்டு கோட ஊதி விட்டா எதிர்பாத்த வேகம் வராது, சில நேரம் ஓ2வ விட மெதுவாவும் ஓடும். வேகம் போதலன்னு நிஜமாவே அளந்து தெரிஞ்சா மட்டும் ஓ2, அதுவும் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும். கரண்ட் கணக்கு போடற ஃபைல் பேரு ஆர்எம்எஸ்னு வைங்க, மேக்ஃபைல்ல ஆர்எம்எஸ் டாட் ஓ கோலன், சிஃப்ளாக்ஸ் ப்ளஸ் ஈக்வல் மைனஸ் ஓ2ன்னு ஒரு வரி சேத்தா போதும், ரெண்டு ஓ இருந்தா கடைசில வர்றத தான் ஜிசிசி எடுத்துக்கும். ஃபங்ஷனுக்கு மேலயே ஆப்டிமைஸ் ஆட்ரிப்யூட் போடலாம்னு சில பேர் சொல்வாங்க, ஜிசிசி மேனுவலே அது டீபக்குக்கு மட்டும், ப்ரொடக்ஷனுக்கு இல்லன்னு சொல்லுது, விட்ருங்க.

அளக்குறது எப்படி. சைஸுக்கு ஆர்ம் நன் இஏபிஐ சைஸ்னு அடிச்சு எல்ஃப் ஃபைல (கம்பைல் முடிஞ்சு வர்ற முழு புரோகிராம் ஃபைல்) குடுங்க, டெக்ஸ்ட் (கோடு), டேட்டா (ஆரம்ப மதிப்பு உள்ள வேரியபிள்), பிஎஸ்எஸ் (ஜீரோல ஆரம்பிக்கற வேரியபிள்)னு மூணு நம்பர் வரும். ஃப்ளாஷ்ல ஏறுறது டெக்ஸ்ட்டும் டேட்டாவும். ராம்ல உக்காருறது டேட்டாவும் பிஎஸ்எஸ்ஸும், அதுக்கு மேல ஸ்டாக் (ஃபங்ஷன் ஓடறப்ப எடுத்துக்கற இடம்) தனி. டேட்டா ரெண்டு பக்கமும் வருதுங்கறத நிறைய பேர் விட்டுடறாங்க. ஆப்ஜெக்ட் ஃபைல எல்லாம் ஒண்ணா சேக்குற லிங்கருக்கு பிரிண்ட் மெமரி யூசேஜ்னு ஒரு ஃப்ளாக் குடுத்தா ஒவ்வொரு தடவையும் பர்சென்டேஜோட சொல்லிரும். எந்த ஃபங்ஷன் தின்னுதுன்னு தெரியணும்னா என்எம் கமாண்ட்ல சைஸ் சார்ட் போடுங்க, கடைசில நிக்குறவன்தான் குண்டன். நேரத்துக்கு, எம்3ல டிடபிள்யூடி சைக்கிள் கவுன்ட்டர் இருக்கு, முன்ன ஒரு ரீடிங் பின்ன ஒரு ரீடிங் எடுத்து கழிச்சுக்கலாம். ஏவிஆர்ல ஒரு பின்ன உள்ள போறப்ப ஹை, வெளில வர்றப்ப லோ பண்ணி லாஜிக் அனலைசர்ல பாத்துக்கங்க. அளக்காம ஃப்ளாக் மாத்துறவங்ககிட்ட நான் வாக்குவாதம் பண்றதில்ல, டைம் வேஸ்ட்.

மேக்ஃபைல்ல ஒரு குழி இருக்கு, முதல்லயே சொல்லிடறேன். சிஃப்ளாக்ஸ்ல ஓ0வ ஓஎஸ்னு மாத்திட்டு மேக் அடிச்சா ஒண்ணும் ஆகாது, "அப் டு டேட்"னு சொல்லிட்டு போயிரும், ஏன்னா மேக் பாக்கறது ஃபைலோட டைம மட்டும், ஃப்ளாக் மாறுச்சான்னு அதுக்கு தெரியாது. இதுல மோசம் என்னன்னா பாதி ஃபைல மட்டும் எடிட் பண்ணிருந்தீங்கன்னா பாதி ஓ0, பாதி ஓஎஸ்னு கலந்து ஒரு பைனரி வந்துரும், ஒரு வாரம் கழிச்சு க்ளீன் பண்ணி கம்பைல் பண்றப்ப "நேத்து ஓடுச்சே"ன்னு முழிக்கணும். அதனால ஃப்ளாக்க தொட்டா மேக் க்ளீன். இல்ல, எல்லா ஆப்ஜெக்ட் ஃபைலும் மேக்ஃபைலயே டிபெண்டன்ஸியா பாக்குற மாதிரி எழுதி வைங்க, மேக்ஃபைல் மாறுனா எல்லாம் திரும்ப கம்பைல் ஆகும். ஹெடர் மாறுனா பிடிக்கறதுக்கு மைனஸ் எம்எம்டி, மைனஸ் எம்பி ரெண்டும் சேத்து, வர்ற டாட் டி ஃபைல்கள இன்க்ளூட் பண்ணிக்கங்க.

இப்ப முக்கியமான எடம். ஓஎஸ் போட்டதும் உடையற கோடு.

ட்ரை ரன் சென்சார் இன்டரப்ட்ல (ஓடற வேலைய நிறுத்திட்டு சிப் உடனே ஓட்டற ஃபங்ஷன்ல) ஒரு ஃப்ளாக் வேரியபிள 1 ஆக்குது, மெயின்ல "அது 1 ஆகற வரைக்கும் சும்மா சுத்து, ஆனதும் மோட்டார நிறுத்து"ன்னு ஒரு வொயில் லூப். ஓ0ல ஒவ்வொரு சுத்துக்கும் மெமரிய படிக்கும், ஓடும். ஓஎஸ்ல கம்பைலர் யோசிக்குது, இந்த லூப்புக்குள்ள யாரும் இந்த வேரியபிள மாத்தல, ஒரு தடவை படிச்சா போதுமேன்னு. படிச்சுட்டு காலத்துக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். போர்ல தண்ணி இல்லாம மோட்டார் ஓடும், சீல் போகும், காயில் போகும், ரீவைண்டிங்குக்கு தூக்கிட்டு போகணும். வேரியபிளுக்கு முன்னாடி வாலடைல்னு (ஒவ்வொரு தடவையும் மெமரிலேருந்தே படின்னு அர்த்தம்) ஒரு வார்த்தை போட்டா தீந்துது. லூப்புக்குள்ள வேற ஃபைல்ல இருக்குற ஃபங்ஷன கூப்பிட்டீங்கன்னா, அது உள்ள என்ன பண்ணுதோன்னு கம்பைலருக்கு தெரியாததால வேரியபிள திரும்பவும் படிக்கும், வாலடைல் இல்லாமலே தப்பிச்சுருவீங்க. பின்னாடி எல்டிஓ (லிங்க் பண்றப்ப எல்லா ஃபைலையும் சேத்து ஆப்டிமைஸ் பண்றது) போட்டா அந்த ஃபங்ஷனும் அதுக்கு தெரிஞ்சுரும், அன்னைக்கு மாட்டுவீங்க. இன்டரப்ட்டும் மெயினும் பங்கு போட்டுக்கற எல்லா வேரியபிளையும் ஒரு தடவ உக்காந்து லிஸ்ட் எடுங்க.

வாலடைல் போட்டாச்சு, முடிஞ்சுதான்னா ஏவிஆர்ல முடியல. அது 8 பிட் சிப், 16 பிட் கவுன்ட்டர ரெண்டு தடவையா தான் படிக்கும். மதிப்பு 255 இருக்கறப்ப கீழ் பைட்ட 255ன்னு படிச்சாச்சு, நடுவுல இன்டரப்ட் வந்து 256 ஆக்கிட்டு போயிருச்சு, இப்ப மேல் பைட் 1, சேத்தா 511. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாத நம்பர். ஏவிஆர் லிப்சில அடாமிக் ப்ளாக்னு இன்டரப்ட்ட தடுத்து வைக்கற மேக்ரோ இருக்கு, அதுக்குள்ள காப்பி எடுத்துட்டு அந்த காப்பிய வச்சு வேலை பாருங்க.

அடுத்தது டிலே, இதுல நிஜமாவே பயமா இருக்கும். பெரிய மோட்டார்ல ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கும்ல, ஸ்டார் கான்டாக்டர விட்டுட்டு கொஞ்சம் கேப் குடுத்து டெல்டாவ இழுக்கணும், ரெண்டும் ஒரே நேரம் உள்ள இருந்தா பேஸுக்கு பேஸ் நேரடி ஷார்ட். அந்த கேப்புக்கு சில பேர் "ஃபார் ஐ ஈக்வல் 0, 50,000 வரைக்கும்"னு வெறும் லூப் எழுதி வச்சிருப்பாங்க. ஓ1லேருந்தே கம்பைலர் அதை பாக்கும், உள்ள ஒரு வேலையும் இல்ல, வெளில யாருக்கும் ஐ தேவையில்ல, தூக்கிரும். கேப் ஜீரோ. அந்த லூப்ல இருக்குற ஐயை வாலடைல் ஆக்குனா லூப் நிக்கும் தான், ஆனா ஓ மாத்துனா நேரமும் மாறும், அது சரியான வைத்தியம் இல்ல. ஹார்டுவேர் டைமர வச்சு மில்லிசெகண்ட் எண்ணுங்க. ஏவிஆர்ல லிப்சியோட டிலே எம்எஸ் யூஸ் பண்ணலாம், அதுக்கு நேர் எதிர் கண்டிஷன், ஆப்டிமைசேஷன் ஆன்ல இருந்தா தான் அது சரியான நேரம் குடுக்கும், ஓ0ல கம்பைல் பண்ணா அந்த ஹெடரே வார்னிங் அடிக்கும், எஃப் சிபியுவும் (சிப்போட க்ளாக் வேகம்) சரியா டிஃபைன் பண்ணிருக்கணும். அப்புறம் கோட்ட மட்டும் நம்பி கான்டாக்டர் வேலை பண்ணாதீங்க, ஒண்ணோட காயில் லைன இன்னொண்ணோட என்சி (காயில் இழுத்தா திறக்கற) கான்டாக்ட் வழியா விட்டு இன்டர்லாக் வயரிங் கண்டிப்பா இருக்கணும், சாஃப்ட்வேர் தப்பு பண்ணாலும் ஷார்ட் ஆகக்கூடாது.

எனர்ஜி மீட்டர்லேருந்து மோட்பஸ்ல (மீட்டர் டேட்டா அனுப்பற ஒரு முறை) படிக்கறவங்களுக்கு ஒரு விஷயம். பைட் பஃபர்ல வந்தத நேரா 32 பிட் பாயின்டரா காஸ்ட் பண்ணி படிக்கற பழக்கம் எல்லா இடத்துலயும் இருக்கு. ஓ2, ஓஎஸ் ரெண்டுலயும் ஸ்ட்ரிக்ட் அலையாசிங் ஆன் ஆயிரும், வேற வேற டைப் பாயின்டர் ஒரே இடத்த காட்டாதுன்னு கம்பைலர் எடுத்துக்கும், உங்க கோடு பஃபர்ல எழுதறதுக்கு முன்னாடியே பழைய மதிப்ப படிச்சு வச்சுக்கலாம். இன்னொரு தொல்லை அலைன்மென்ட், அதாவது 32 பிட் மதிப்பு 4ஆல வகுபடற அட்ரஸ்ல இருக்கணும்ங்கறது. எம்3ல ஒத்த 32 பிட் லோடு அலைன் ஆகாத அட்ரஸ்லயும் ஓடும், ஆனா பக்கத்து பக்கத்துல ரெண்டு லோடு இருந்தா ஆப்டிமைசர் ரெண்டையும் சேத்து எல்டிஆர்டின்னு ஒரே இன்ஸ்ட்ரக்ஷனா போட்டுரும், அதுக்கு அலைன்மென்ட் கட்டாயம், ஹார்டு ஃபால்ட்ல (சிப்பே மேல ஓட முடியாத எரர்) போய் நிக்கும். ஓ0ல ஓடுச்சு, ஓ2ல போர்டு ஹாங் ஆகுதுங்கற கதைல பாதி இதுதான். மெம்காப்பி போடுங்க, இல்ல பைட் பைட்டா ஷிஃப்ட் பண்ணி சேருங்க. மோட்பஸ்ல மேல் பைட் முதல்ல வர்றதால ஷிஃப்ட் பண்றதே சுத்தம். ஸ்லோ ஆயிருமேன்னு கவலைப்படாதீங்க, ஜிசிசி அந்த பேட்டர்ன கண்டுபிடிச்சு பெரும்பாலும் ஒரு லோடு, பைட் வரிசைய திருப்பற ஒரு ரெவ் இன்ஸ்ட்ரக்ஷன்னு சுருக்கிரும்.

டைம் கம்பேர் பண்றதும் இதே ஜாதி. சைன்டு இன்ட் (மைனஸ் மதிப்பும் வர்ற முழு நம்பர்) நிரம்பி வழியாதுன்னு கம்பைலர் நம்பிக்கிட்டு சில செக்க தூக்கிரும். 32 பிட் அன்சைன்டுல வச்சு, இப்ப மைனஸ் ஆரம்பம், அது பீரியட விட பெருசான்னு மட்டும் கேளுங்க. மில்லிசெகண்ட் கவுன்ட்டர் 49.7 நாள்ல திரும்ப ஜீரோக்கு வரும், சம்பா சீசன் அதை விட நீளம், வயல்ல இருக்குற போர்டு அந்த நாள கண்டிப்பா பாக்கும்.

சைஸ் குறைக்கறதுக்கு ஓஎஸ் தவிர என்ன இருக்குன்னா, எஃப் ஃபங்ஷன் செக்ஷன்ஸ், எஃப் டேட்டா செக்ஷன்ஸ் ரெண்டையும் கம்பைலருக்கு குடுத்து, லிங்கருக்கு ஜிசி செக்ஷன்ஸ் குடுங்க, யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் எல்லாம் வெளில போயிரும். வெக்டர் டேபிள (எந்த இன்டரப்ட்டுக்கு எந்த ஃபங்ஷன்ங்கற பட்டியல) லிங்கர் ஸ்க்ரிப்ட்ல கீப் போட்டு வச்சிருக்கான்னு பாத்துக்கங்க, இல்லன்னா அதையும் யாரும் கூப்பிடலன்னு தூக்கிரும், போர்டு பூட்டே ஆகாது. ஆர்ம்ல நேனோ ஸ்பெக்ஸ் போடுங்க, நியூலிப்ங்கற சி லைப்ரரியோட சின்ன வடிவம் அது, பிரிண்ட்எஃப் ரொம்ப இளைச்சுரும். அதுல ஃப்ளோட் (புள்ளி வச்ச நம்பர்) பிரிண்ட் பண்ணா ஒண்ணும் வராது, அண்டர்ஸ்கோர் பிரிண்ட்எஃப் அண்டர்ஸ்கோர் ஃப்ளோட்டுனு மைனஸ் யுல குடுத்தா வரும், ஆனா சைஸ் திரும்ப ஏறும். எதுக்கு வம்பு, கரண்ட்ட மில்லி ஆம்பியர்ல இன்டீஜரா வச்சுக்கிட்டு புள்ளிய நீங்களே வச்சு பிரிண்ட் பண்ணுங்க. எம்3ல எஃப்பியு (ஃப்ளோட் கணக்கு போடற ஹார்டுவேர்) கிடையாது, ஒவ்வொரு ஃப்ளோட் கணக்கும் லைப்ரரி ஃபங்ஷன். எஃப்பியு இருக்குற எம்4 சிப் வச்சிருந்தாலும் 3.3ன்னு மட்டும் எழுதுனா அது டபுள், சிங்கிள் ப்ரிசிஷன் எஃப்பியு அத தொடாது, 3.3 எஃப்னு எழுதணும். டபுள் ப்ரமோஷன் வார்னிங்க ஆன் பண்ணி வச்சா காட்டிக் குடுக்கும்.

328பில இன்னொரு கூத்து, எஸ்எம்எஸ் மெசேஜ் ஸ்ட்ரிங் எல்லாம் கான்ஸ்ட்னு போட்டாலும் ராம்ல தான் போய் உக்காரும், ப்ரோக்மெம் போட்டா தான் ஃப்ளாஷ்ல நிக்கும். 2 கேபி ராம், எந்த ஓவும் இதை காப்பாத்தாது. தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பறதுன்னா ஒரு எழுத்துக் குறிக்கு 2 பைட், மெசேஜுக்கு 160 கிடையாது 70 தான், "மோட்டார் நின்னுருச்சு, போர்ல தண்ணி இல்ல"ன்னு சுருக்கமா எழுதிக்கங்க.

எல்டிஓ எல்லா ஃபைலையும் ஒண்ணா பாத்து சுருக்கும், நல்லா குறையும், ஆனா கம்பைல் பண்ண அதே ஓ ஃப்ளாக்க லிங்க் பண்றப்பவும் குடுக்கணும், லைப்ரரி ஆர்க்கைவ் செய்யறதுக்கு வெறும் ஏஆர் இல்லாம ஜிசிசி ஏஆர் யூஸ் பண்ணணும். போட்டதுக்கப்புறம் என்எம்ல பாத்து உங்க இன்டரப்ட் ஹேண்ட்லர் எல்லாம் உயிரோட இருக்கான்னு செக் பண்ணுங்க, ஸ்டார்ட்டப் ஃபைல் அசெம்ப்ளில வீக் சிம்பலா (வேற ஒண்ணு இருந்தா விட்டுக் குடுக்கற பேரா) வச்சிருக்கறதால சில நேரம் உங்க ஹேண்ட்லர விட்டுட்டு டீஃபால்ட்ட பிடிச்சுக்கும். இடம் போதுதுன்னா எல்டிஓவே வேண்டாம்ங்கறது என் கட்சி.

ஸ்டாக்க மறந்துடாதீங்க. ஆப்டிமைசர் ஒரு இடத்துல மட்டும் கூப்பிடற ஸ்டேட்டிக் ஃபங்ஷன கூப்பிட்ட இடத்துக்குள்ளயே கரைச்சுரும், அந்த ஃபங்ஷன்ல இருந்த பெரிய பஃபர் இப்ப மெயின் ஃபங்ஷனோட ஃப்ரேம்ல உக்காந்துரும், அந்த வேலை முடிஞ்சப்புறமும் இடத்த விடாது. எஃப் ஸ்டாக் யூசேஜ் போட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் டாட் எஸ்யு ஃபைல் வரும், ஓ0லயும் ஓஎஸ்லயும் எடுத்து பக்கத்துல வச்சு பாருங்க. பெருசா தெரியற ஃபங்ஷனுக்கு நோஇன்லைன் ஆட்ரிப்யூட் போட்டு தனியா நிறுத்துங்க.

டீபக் பண்றப்ப ஓஎஸ்ல ஜிடிபி டீபக்கர் வரி மாறி மாறி குதிக்கும், வேரியபிள கேட்டா "ஆப்டிமைஸ்டு அவுட்"னு சொல்லும். அப்ப அந்த ஒரு ஃபைல மட்டும் ஓஜிக்கு மாத்திக்கிட்டு பாருங்க, பாத்து முடிச்சதும் திரும்ப ஓஎஸ். சந்தேகம் வந்தா ஆப்ஜ்டம்ப் மைனஸ் டி அடிச்சு அசெம்ப்ளிய படிங்க, வொயில் லூப் தனக்குத் தானே ஜம்ப் பண்ற ஒத்த வரியா இருந்தா வாலடைல் விட்டுப் போச்சுன்னு அர்த்தம். மைனஸ் ஜிய எப்பவும் வச்சிருங்க, டீபக் தகவல் எல்ஃப் ஃபைல்ல மட்டும் தான் இருக்கும், சிப்புல ஏத்துற ஹெக்ஸ்ல வராது, ஒரு பைட் கூட ஏறாது. டபிள்யூ ஆல், டபிள்யூ எக்ஸ்ட்ரா ரெண்டையும் ஓஎஸ்ஸோட சேத்து ஓட்டுங்க, சில வார்னிங் ஆப்டிமைசர் கோட அலசுனா தான் வரும், ஓ0ல வராது.

வயல்ல மாட்டப் போற பைனரி எதுவோ அதையே தான் டேபிள்லயும் டெஸ்ட் பண்ணணும், ஓ0ல டெஸ்ட் பண்ணி ஓஎஸ்ல குடுக்கற வேலை ஆகாது. பேஸ் ஒண்ண புடுங்கி, சென்சார் வயர ஷார்ட் பண்ணி, எஸ்எம்எஸ் போறப்பவே கரண்ட்ட கட் பண்ணி எல்லாம் அந்த பைனரிலயே. முடிச்சதும் ஹெக்ஸ், எல்ஃப், மேப் மூணையும், ஜிசிசி வெர்ஷன் வரியையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. வெர்ஷன் எதுக்குன்னா, ஜிசிசி 10ல ஹெடர்ல டிஃபைன் பண்ண க்ளோபல் வேரியபிள் எல்லாம் திடீர்னு மல்டிபிள் டெஃபனிஷன் எரர் அடிக்க ஆரம்பிச்சுது, டீஃபால்ட்ட மாத்துனாங்க, உபுண்டு அப்டேட் பண்ணவங்க பில்டு நின்னு போச்சு. எல்ஃப் எதுக்குன்னா, ஹார்டு ஃபால்ட் அட்ரஸ போர்டு எஸ்எம்எஸ்ல அனுப்புற மாதிரி எழுதி வச்சிட்டீங்கன்னா, வீட்லேருந்தே அட்ரஸ் டு லைன் கமாண்ட்ல அந்த எல்ஃப குடுத்து எந்த ஃபைல் எந்த வரின்னு பாத்துக்கலாம், வேற பில்டோட எல்ஃப குடுத்தா வேற வரிய காட்டும்.